‘புத்திக்கு ஒண்ணும் ஆகாதே, மேடம்?’

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாய் தம் மகனுடன் என் அறைக்கு வந்திருந்தார். மகனுக்கு முப்பது வயதை ஒட்டி இருக்கும். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயால் பல ஆண்டுகளாக அவதிப்படுகிறவர். குளியலறைக்குள் போனால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவார். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும், நடத்தைச் சிகிச்சையை இரண்டு முறை முழுமையாகச் செய்து பார்த்தும் பெரிய பலன் கிடைக்காததால், மூளையில் அறுவை சிகிச்சை செய்வது பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். அத்தகைய சிகிச்சைக்கு முன்னால் நோயாளியின் நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றை அளந்து அறிக்கை கொடுப்பது மருத்துவ உளவியலாளராகிய என் வேலை. சோதனையின் நடுவே என் பென்சிலைத் தொட நேர்ந்ததால் அவர் கை கழுவ எழுந்து போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் இருபது நிமிடங்களுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியில்தான் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஆபரேஷன் பண்ணினா இந்தக் கழுவுறதெல்லாம் குறைஞ்சிடும்னு சொல்றாங்க. புத்திக்கு ஒண்ணும் ஆகாதே, மேடம்?”

‘ஆகாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘ஆகும்’ என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும். தண்ணீர் நிற்பதற்குள் என்னால் சொல்ல முடிந்தது மிகக் கொஞ்சம். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மனநோய்க்காக மூளையை அறுக்கும் சிகிச்சையின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்துகிறது. அறிவாற்றலில் ஏற்படும் இழப்பு, இந்தச் சிகிச்சை தோன்றுவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் தெரிந்துவிட்டிருந்தது. 1935 ஆகஸ்டில் லண்டனில் நடந்த சர்வதேச நரம்பியல் மாநாட்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜான் ஃபுல்டனும் கார்லைல் ஜேக்கப்சனும் பெக்கி, லூசி என்ற இரண்டு சிம்பன்சிகளைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் அடியில் தின்பண்டத்தை வைத்து, சிம்பன்சி பார்த்த பிறகு திரையை இறக்கி, சிறிது நேரம் கழித்துத் திரையைத் தூக்கினால், அது சரியான கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சோதனை. மூளையின் முன்மடல்களை இருபுறமும் அகற்றிய பிறகு அவற்றால் அதைச் செய்ய முடியவில்லை. திரை இறங்கிய அந்தக் குறுகிய நேரத்திற்குக்கூட ‘எந்தக் கிண்ணம்’ என்பதை மனத்தில் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் போய்விட்டிருந்தது. ஆய்வின் முக்கியமான முடிவு இதுதான். ஆனால் முன்பெல்லாம் தவறு செய்தவுடன் கோபத்தில் கத்தி ரகளை செய்த பெக்கி, அறுவைக்குப் பிறகு தவறைப் பற்றிக் கவலையே படாமல் அமைதியாக இருந்தது என்ற செய்தியும் கூடவே சொல்லப்பட்டது. லூசியிடம் ஏறக்குறைய எதிர்மாறான விளைவு தென்பட்டது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்கள் காதில் பெக்கியின் அமைதி மட்டுமே விழுந்தது, கிண்ணங்கள் விழவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் மருத்துவர், அல்மெய்டா லிமா என்ற அறுவை மருத்துவரின் கைகளைக் கொண்டு முதல் நோயாளியின் முன்மூளை நரம்பிழைகளைச் சிதைத்தார். இருபது பேருக்குச் செய்து, ஏழு பேர் குணமடைந்தார்கள், ஏழு பேர் தேறினார்கள், ஆறு பேரிடம் மாற்றமில்லை என்று அடுத்த ஆண்டே அறிவித்துவிட்டார். குணமடைந்தவர் என்றால் பதற்றமோ பிரமையோ நீங்கியவர் என்று பொருள். வீட்டுக்குப் போய் ஒரு நாளைத் தானாக நடத்திக்கொள்ள முடிகிறதா என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதற்கு அவர் நேரமே கொடுக்கவில்லை. 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமனும் ஜேம்ஸ் வாட்ஸும், லோபாட்டமி எனப்படும் இந்த முன்மடல் அறுவையை 1936 செப்டம்பரில் தொடங்கினார்கள். அவர்கள் முறையில் ஒரு விஷயம் எனக்கு இன்றும் நடுக்கம் தருகிறது. நோயாளிக்கு மயக்கம் கொடுக்காமல், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுவிட்டு, வெட்டிக்கொண்டே அவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். எண்ணச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள், தெரிந்த பிரார்த்தனையைச் சொல்லச் சொல்வார்கள். பதில்கள் குழம்பத் தொடங்கியதும் ‘போதுமான அளவு வெட்டியாகிவிட்டது’ என்று நிறுத்துவார்கள். அதாவது, அறிவு தடுமாறுவதே கத்தியை நிறுத்தும் அடையாளமாக இருந்தது. 1941இல் இப்படித்தான் பின்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு, அவருடைய 23ஆம் வயதில், அறுவை நடந்தது. நடக்கவும் பேசவும் முடியாத நிலைக்குப் போன அவர் ஓரளவுக்கே மீண்டு, 2005இல் இறக்கும்வரை பிறர் பராமரிப்பிலேயே வாழ்ந்தார்.

ரோஸ்மேரிக்கு நேர்ந்ததைப் போன்ற வெளிப்படையான பேரிழப்பை யாரும் மறைக்க முடியாது. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் தவறவிட்டது, வெளியே தெரியாத இழப்பை. அக்காலத்தில் உளவியலாளர்கள் கையில் இருந்த முதன்மையான கருவி ஐ.க்யூ. சோதனை. மான்ட்ரியாலில் டொனால்ட் ஹெப்பும் வைல்டர் பென்ஃபீல்டும் 1940இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். வலிப்புக்காக அவருடைய இரண்டு முன்மடல்களிலிருந்தும் பெரும்பகுதி அகற்றப்பட்டிருந்தது, ஆனால் ஐ.க்யூ. முன்பைவிடக் கூடியிருந்தது. ஐ.க்யூ. சோதனை பெரும்பாலும் கேட்பது ஏற்கெனவே கற்று உறைந்துபோன அறிவை: ஒரு சொல்லின் பொருள், ஒரு கணக்கு, ஒரு பொது அறிவுக் கேள்வி. கேள்வியைக் கேட்பவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, அடுத்தது என்ன என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கிறார். முன்மடல் செய்ய வேண்டிய வேலையைச் சோதனை நடத்துபவர் செய்துகொடுத்துவிட்டால், முன்மடல் இல்லாதவரும் நல்ல மதிப்பெண் வாங்குவார். லோபாட்டமி செய்துகொண்டவர்களுக்கு ‘அறிவு குறையவில்லை’ என்று அறிக்கைகள் வந்துகொண்டே இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விதிவிலக்காக ஒருவர் ஹவாயில் இருந்தார். ஸ்டான்லி போர்டியஸ் என்ற உளவியலாளர், காகிதத்தில் அச்சிட்ட சிக்கலான பாதைகளுக்குள் முட்டுச்சந்தில் நுழையாமல் பென்சிலால் வழி கண்டுபிடிக்கும் சோதனையை வகுத்தவர். பேச்சுத் தேவையில்லை, படிப்புத் தேவையில்லை; கோடு போடுவதற்கு முன் ஒரு நொடி நின்று, இந்த வழி எங்கே போகும் என்று பார்த்தால் போதும். லோபாட்டமிக்குப் பிறகு இந்தச் சோதனையில் மதிப்பெண் விழுவதை அவர் 1944இல் காட்டினார். அந்த ஒரு நொடி நிதானம்தான் போயிருந்தது.

அதே சமயம் ஸ்வீடனில் ஜோஸ்டா ரைலாண்டர் என்ற மனநல மருத்துவர், நோயாளிகளின் வீட்டாரிடம் பேசிப் பதிவு செய்தார். ஒரு தாய், இவள் என் மகள்தான், ஆனால் வேறு யாரோபோல் இருக்கிறாள், உடல் என்னோடு இருக்கிறது, உயிர் எங்கோ தொலைந்துவிட்டது என்ற பொருளில் அவரிடம் சொல்லியிருக்கிறார். இதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தாய் ஒரு துல்லியமான அளவீட்டைத்தான் கொடுத்திருக்கிறார். வெட்டு விழுவதற்கு முன் மகள் எப்படி இருந்தாள் என்பது அவருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியும். எந்த உளவியலாளரிடமும் அப்படி ஓர் ஒப்பீட்டு அளவு இல்லை.

இழப்பு கண்ணில் படாமல் போவதற்கு இன்னொரு காரணம், நோயாளியின் நோயே. நினைவாற்றல் ஆராய்ச்சியில் ஹெச்.எம். என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் நோயாளியை அறியாதவர் இல்லை. 1953இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோய்க்காக அவருடைய மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதிகளான இரண்டு ஹிப்போகேம்பஸ்களின் பெரும்பகுதியையும் உறிஞ்சி எடுத்ததும், அதன் பிறகு புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாதவராக அவர் 2008 வரை வாழ்ந்ததும் எல்லாப் பாடப் புத்தகங்களிலும் உண்டு. அவருடைய ஐ.க்யூ. 112 ஆக இருந்தது. பலர் கவனிக்காதது, அவருக்கு முன்பே ஸ்கோவில் மூளையின் இதே பகுதியில் மனநோயாளிகளுக்கு அறுவை செய்துவந்தார் என்பது. அவர்களுடைய நினைவிழப்பு ஏன் உலகுக்கு முதலில் தெரியவில்லை? ஸ்கோவிலும் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் 1957இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே அதற்கு விடை இருக்கிறது. அந்த நோயாளிகள் அறுவைக்கு முன்பே மிகவும் கலங்கிய நிலையில் இருந்ததால் அவர்களுடைய நுண்ணிய மனத்திறன்களைச் சோதிக்க முடிந்திருக்கவில்லை. மறதியைப் பார்த்தவர்கள் அதைப் பைத்தியத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அந்தக் கட்டுரையில் வரும் ஒருவரை என்னால் மறக்க முடிவதில்லை. அவர் 47 வயது மருத்துவர். மனச்சிதைவு நோய்க்காக அறுவை செய்யப்பட்டவர். அறுவைக்குப் பிறகு சோதித்தபோது அவருடைய ஐ.க்யூ. 122, அதாவது நம்மில் பெரும்பாலோரைவிடக் கூடுதல். அவரிடம் ஒரு நாயையும் ஒரு யானையையும் வரையச் சொன்னார்கள், வரைந்து கொடுத்தார். அரை மணி நேரம் கழித்து அதே படங்களைக் காட்டியபோது, அவை தாம் வரைந்தவை என்பதே அவருக்குத் தெரியவில்லை. சோதனை நாற்காலியில் என் எதிரே யாராவது படம் வரையும்போதெல்லாம் அந்த யானை என் நினைவுக்கு வருகிறது.

மில்னர் பின்னர், 1963இல், முன்மடல் பாதிப்பைக் காட்டும் ஒரு சீட்டுச் சோதனையைப் பற்றி எழுதினார். அதை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். சீட்டுகளை நிறத்தை வைத்துப் பிரிப்பதா, வடிவத்தை வைத்தா, எண்ணிக்கையை வைத்தா என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ‘சரி’, ‘தவறு’ என்று மட்டும் சொல்வோம். அவர் விதியைக் கண்டுபிடித்து, தொடர்ந்து பத்து முறை சரியாகப் போட்டதும், சொல்லாமல் விதியை மாற்றிவிடுவோம். முன்மடல் பாதிக்கப்பட்டவர் ‘தவறு’, ‘தவறு’ என்று கேட்டுக்கொண்டே பழைய விதிப்படியே சீட்டுகளைப் போட்டுக்கொண்டிருப்பார். சிலர், “நிறம் இல்லைன்னு தெரியுது” என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் நிறத்தைத்தான் தேடுவார்கள். தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே இருந்த பாலம் அறுந்திருப்பதை இவ்வளவு அருகில் பார்க்கும்போது, சோதிப்பவரின் தொண்டையும் அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சோதனையும் போதாது என்பதை லண்டனில் டிம் ஷாலிஸும் பால் பர்கெஸும் 1991இல் காட்டினார்கள். முன்மடல் அடிபட்ட மூன்று பேரைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, சில பொருள்களை வாங்கவும், சில தகவல்களைச் சேகரிக்கவும், குறிப்பிட்ட நேரத்தில் ஓர் இடத்தில் இருக்கவும், சில எளிய விதிகளை மீறாதிருக்கவும் சொன்னார்கள். ஐ.க்யூ. நன்றாக இருந்த அவர்கள் அந்தத் தெருவில் தடுமாறினார்கள். இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அடுப்பில் பருப்பு வேகும்போது காய் நறுக்கி, நடுவில் பால்காரருக்குக் கணக்குப் பார்த்து, விசிலை எண்ண மறக்காமல் இருக்கும் ஒருவருடைய காலை வேளையில் இருக்கும் அளவுக்கு நிர்வாகம் என் மேசையில் உள்ள எந்தச் சோதனையிலும் இல்லை.

இன்றைய அறுவைகள் ஃப்ரீமனுடையதைப் போன்றவை இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கேன் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் இடம் குறித்து, மிகச் சிறிய பகுதியை மட்டுமே சிதைக்கிறார்கள். பாஸ்டனில் 1962 முதல் செய்யப்பட்டுவந்த, சிங்குலம் என்ற நரம்பிழைக் கற்றையைச் சிதைக்கும் சிங்குலாட்டமியை, அமெரிக்க அரசு அமைத்த ஆணையத்துக்காக 1970களில் எம்.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, பெரும்பாலான திறன்களில் நிலைத்த இழப்பைக் காணவில்லை. நான் மதிக்கும் ஆய்வு அது. ஆனால் அதே துணிவை எல்லா அறுவைகளுக்கும் நீட்டிவிட முடியாது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனத்தில் ஓசிடிக்காகக் காப்சுலாட்டமி (மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு நரம்பிழைக் கற்றையை வெப்பத்தாலோ காமா கதிர்களாலோ சிதைக்கும் அறுவை) செய்துகொண்ட 25 பேரை, கிறிஸ்டியன் ரூக்கும் அவருடைய குழுவினரும் சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்துச் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண், 40க்கு, சராசரி 34லிருந்து 18க்கு இறங்கியிருந்தது. இது சிறிய சாதனை இல்லை. 34 என்றால் என்ன என்பதை அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டவர்கள் அறிவார்கள். அதே 25 பேரில் 10 பேரிடம், திட்டமிட்டுச் செயல்படுவதில் குறைபாடோ, எதிலும் நாட்டமின்மையோ, கட்டுப்பாட்டுத் தளர்வோ குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. அதிகக் கதிர்வீச்சுப் பெற்றவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறுவை செய்துகொண்டவர்களும் அந்தப் பத்துப் பேரில் கணிசமாக இருந்தார்கள். காமா கதிர்களைக் கொண்டு செய்யும்போது திசுவின் சிதைவு உடனே நிகழ்வதில்லை; மாதக்கணக்கில் மெல்ல உருவாகிறது. மூன்றாம் வாரத்தில் எடுத்த சோதனையில் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரிந்தால் அதற்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

இன்னும் சில பொறிகள் உண்டு. ஒரே சோதனையை இரண்டாம் முறை எழுதுபவர் பழக்கத்தாலேயே கூடுதல் மதிப்பெண் வாங்குவார். நோயின் பிடி தளர்ந்தவர் வேகமாகச் செய்வார். இந்த இரண்டு ஏற்றங்களும் சேர்ந்து ஒரு உண்மையான இறக்கத்தை மூடிவிடும். தாளில் எண் மாறாமல் நிற்கும். குழுவின் சராசரியைப் பார்த்தாலோ, ஏழெட்டுப் பேரின் முன்னேற்றத்துக்குள் இருவருடைய சரிவு காணாமல் போகும். அந்த இருவரில் ஒருவராக என் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருக்கலாம் என்பதால் சராசரிகளைக் கண்டு நான் நிம்மதி அடைவதில்லை.

எதையும் சிதைக்காமல் மின்முனைகளைப் பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டலை, பெல்ஜியத்தில் பார்ட் நட்டின் குழுவினர் ஓசிடிக்குப் பயன்படுத்தி 1999இல் எழுதினார்கள். மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம் என்பதால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை. ஆனாலும் பார்க்கின்சன் நோயாளிகளிடம் சப்தலாமிக் கரு என்ற பகுதியைத் தூண்டும்போது சொல்லோட்டம் தடைபடுவது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. ‘க’, ‘ப’, ‘ம’ ஆகிய எழுத்துகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் சொல்கிறார் என்று எண்ணும் சோதனையில் அது தெரியும்: “கல், கடை, கண்...” என்று வேகமாகத் தொடங்கி, பிறகு நெடுநேரம் மௌனம்.

இதில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு. 1960களிலிருந்து அன்றைய மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் வி. பாலசுப்பிரமணியம், பி. ராமமூர்த்தி, டி.எஸ். கனகா ஆகியோர், கட்டுக்கடங்காத ஆவேசமும் அமைதியின்மையும் உள்ள நோயாளிகளுக்கு, அச்சம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளான அமிக்டலாவிலும் ஹைப்போதலாமஸிலும் அறுவை செய்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட அமிக்டலா அறுவைகள் நடந்தன. ‘செடேட்டிவ் நியூரோசர்ஜரி’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். நோயாளிகளில் கணிசமானோர் சிறுவர்கள். பயனை அளந்த படிநிலையைப் பார்த்தால், மருந்து தேவைப்படுகிறதா, சாந்தமாகிவிட்டாரா, எப்போதாவது மட்டும் ஆவேசம் வருகிறதா, வீட்டில் சமாளிக்க முடிகிறதா என்பவையே முதன்மையாக இருக்கின்றன. வேறு வழியே இல்லாமல் பிள்ளையைக் கட்டிப்போட்டு வளர்த்த பெற்றோருக்கு அந்தச் சாந்தம் எவ்வளவு பெரியது என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த மருத்துவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பெக்கி சிம்பன்சியைப் பார்த்தவர்கள் எதைப் பார்த்தார்களோ அதைத்தான் அந்தப் படிநிலையும் பார்க்கிறது. அந்தச் சிறுவர்கள் பிறகு எதைக் கற்றார்கள், எதை மறந்தார்கள், எதிரே இருப்பவர் முகத்தில் உள்ள அச்சத்தை அடையாளம் கண்டார்களா என்ற கேள்விகளுக்கு அதில் படி இல்லை.

இன்று நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவின்படி, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளி விவரம் அறிந்து தரும் சம்மதமும், மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். ‘விவரம் அறிந்து’ என்பதில் மேலே சொன்னவை அத்தனையும் அடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொற்று, ரத்தக்கசிவு, வலிப்பு ஆகியவற்றை ஒப்புதல் படிவத்தில் வரிசையாக எழுதிவிட்டு, ‘தானாக எதையும் தொடங்கும் ஆர்வம் குறையலாம்’ என்ற வரியை மட்டும் விட்டுவிடுவது சரியாகாது. குறை வந்த பிறகு, ‘நோய் அப்படி, அவர் எப்போதும் இப்படித்தான்’ என்று சொல்வது அதைவிடக் கொடுமை.

தண்ணீர் நின்றது. மகன் புறங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மீண்டும் உட்கார்ந்தார். சோதனை முடிந்து கிளம்பும்போது அந்த அம்மாவிடம் ஒரு வேலை கொடுத்தேன். “அம்மா, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்குங்க. கழுவுறதை எழுத வேண்டாம், அதை நாங்க அளந்துக்குவோம். யாரும் சொல்லாம அவரா என்ன செய்யறாரு, என்ன கேக்கறாரு, எதை ஞாபகம் வச்சிருக்காரு, அதை மட்டும் தினமும் ரெண்டு வரி எழுதுங்க. ஆபரேஷன் செஞ்சா, அதுக்கப்புறமும் ஒரு வருஷம் எழுதுங்க” என்றேன். மகனையும் தனியாக உட்காரவைத்து, இதை எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்கினேன்; அறுபடப்போவது அவருடைய மூளை, அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றிக் குறிப்பு எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

ஒரு மாதம் கழித்து நோட்டு வந்தது. முதல் பக்கத்தில், கார்பன் தாள் வைத்து எழுதுவதைப் போல அழுத்தி எழுதிய கையெழுத்தில், தேதிக்குக் கீழே இருந்தது: ‘குளிச்சு முடிக்க மத்தியானம் ஆயிடுச்சு. வெளியே வந்ததும், பிரஷர் மாத்திரை போட்டியாம்மான்னு கேட்டான்.’